சூளை நெருப்பும் குமரப்பாவின் கணக்கும்

பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்தில் சூளை ஒன்றைப் பார்த்திருக்கிறீர்களா? இல்லையெனில் ஒரு சிறு சோதனை செய்யுங்கள். வெயிலில் உலர்ந்த அகல் ஒன்றைத் தண்ணீரில் போடுங்கள். அது கரைந்து மீண்டும் களிமண்ணாகிவிடும். சூளையில் வெந்த அகலோ கரையாது. காரணம் என்ன? ஏறத்தாழ 500 முதல் 600 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், களிமண்ணோடு வேதிமுறையில் பிணைந்திருந்த நீர் வெளியேறிவிடுகிறது. பீங்கானுக்கு 1200 டிகிரி அளவுக்கு வெப்பம் வேண்டும். எரிந்த எரிபொருள் திரும்பி வராது. உடைந்த கோப்பையும் களிமண்ணாகாது. ஆகவே, நம் வீட்டிலுள்ள ஒவ்வொரு பொருளும் செலவாகிவிட்ட வெப்பத்திற்கான ரசீது எனலாம்.

இத்தகைய கணக்கை நாடு முழுமைக்கும் போட்டுப் பார்த்த தமிழர் ஜே. சி. குமரப்பா. 1892-ல் தஞ்சாவூரில் பிறந்தவர். லண்டனில் கணக்கியல் பயின்று, பம்பாயில் தணிக்கையாளராகத் தொழில் நடத்தினார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் கற்றுத் திரும்பி, 1929-ல் காந்தியடிகளைச் சந்தித்தார். மேல்நாட்டு உடையை விட்டுக் கதர் அணிந்தார். 1934-ல் தோன்றிய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தை வார்தாவிலிருந்து நடத்தினார்.

இயற்கைச் செல்வத்தை அவர் இரண்டாகப் பிரித்தார். நிலக்கரியும் பெட்ரோலியமும் தேங்கிய செல்வம். எடுக்க எடுக்கக் குறையும். விளைச்சல் ஓடும் செல்வம். ஆண்டுதோறும் புதிதாகக் கிடைக்கும். மண்ணெண்ணெய்க்குப் பதிலாகத் தாவர எண்ணெயில் எரியும் 'மகன் தீபம்' என்ற விளக்கு வார்தாவில் உருவானது இந்த நோக்கில்தான். தம் கருத்தைச் சிறையிலிருந்தபோது நூலாக எழுதினார். 'நிலைத்த பொருளாதாரம்' என்பது அதன் தலைப்பின் பொருள். இறுதிக் காலத்தை மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டியில் எளிமையாகக் கழித்து, 1960 ஜனவரி 30-ல் மறைந்தார்.

"எல்லோரும் பொருள் வாங்குவதைக் குறைத்தால் சூளைத் தொழிலாளி எப்படிப் பிழைப்பார்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். குமரப்பா வறுமையைப் போற்றியவர் அல்லர். கிராமத்துக் கைகளுக்கு வேலை வேண்டும் என்றே வாதாடினார். நான்கு மலிவான கோப்பைகளை வாங்கி உடைத்தெறிவதைவிட, உழைப்புக்கு உரிய விலை கொடுத்து உறுதியான ஒன்றை வாங்கிப் பல்லாண்டு பயன்படுத்துங்கள். தொழிலாளிக்குக் கூலி கிடைக்கும். நான்கு முறை எரியவேண்டிய நெருப்பு ஒருமுறை எரிந்தால் போதும்.

அடுத்தமுறை கடையில் ஒரு பொருளைக் கையிலெடுக்கும்போது, விலையைக் கேட்குமுன் அதற்காக எரிந்த நெருப்பையும் எண்ணிப் பாருங்கள்.