ராத்திரி எங்கே நிறுத்துவது?
1936-ல் அமெரிக்காவில் 'ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர்' வந்தது. காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகும் அலுமினிய வீடு. நாலு பேர் படுக்கலாம், தண்ணீர்த் தொட்டி உண்டு, விலை 1,200 டாலர். நெடும்பயணம் கிளம்புபவர்களின் கணக்கு எடை, தண்ணீர், மலைப்பாதை பற்றியது.

அதே வருஷம் ஹார்லெமில் வாழ்ந்த விக்டர் ஹ்யூகோ கிரீன் என்ற தபால்காரர் 'கிரீன் புக்' என்ற கையேட்டை வெளியிட்டார். கறுப்பினப் பயணிகளை மறுக்காத விடுதிகள், உணவகங்கள், பெட்ரோல் நிலையங்களின் பட்டியலாக அது வளர்ந்தது. அவர்கள் கணக்கே வேற: எந்த ஊர்ல நம்மள தங்க விடுவாங்க? வீட்டையே இழுத்துப்போனாலும் ராத்திரி நிறுத்த ஓர் இடம் வேணுமே.

இந்தப் புத்தகம் தேவைப்படாத நாள் வரும் என்று 1940-களிலேயே அதன் முன்னுரை சொன்னது. 1964-ல் குடிமை உரிமைகள் சட்டம் விடுதிகளில் நிறப் பாகுபாட்டைத் தடைசெய்தது. 1966-67 பதிப்போடு கையேடு நின்றது. அதைப் பார்க்க கிரீன் இல்லை, 1960-லேயே இறந்துவிட்டார்.