30 லட்ச ரூபாய் ஸ்பீக்கர்: புது மாடலுக்கு மாறலாமா, வேண்டாமா?

பிரிட்டனின் பவர்ஸ் அண்ட் வில்கின்ஸ் நிறுவனத்தின் 801 டி4 ஸ்பீக்கர் 2021-ல் அறிமுகமானபோது, அமெரிக்காவில் ஒரு ஜோடியின் விலை 35,000 டாலர். ஒரு டாலர் 85 ரூபாய் என்று வைத்தால்கூட ஏறக்குறைய 30 லட்சம். அதே வரிசையின் ஆகச் சிறிய மாடலான 805 டி4-க்கு 8,000 டாலர், அதாவது 7 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. இந்தியாவுக்கு வரும்போது சுங்க வரி, ஜிஎஸ்டி, டீலர் லாபம் எல்லாம் இதன் மேல் ஏறும்.

உயர்ரக ஆடியோ ஆர்வலர்கள் பலர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இருக்கிற ஸ்பீக்கரைக் கொடுத்துவிட்டு இதற்கு மாறினால் அந்தப் பணத்துக்கு வித்தியாசம் கேட்குமா? பதில் ஸ்பீக்கரில் பாதிதான் இருக்கிறது. மீதிப் பாதி உங்கள் அறையில் இருக்கிறது.

புது மாடலில் அப்படி என்ன மாறியது?

801 என்ற பெயர் 1979-ல் வந்தது. லண்டனின் ஆபி ரோடு ஸ்டுடியோவில் இந்த வரிசை ஸ்பீக்கர்கள் பல பத்தாண்டுகளாகப் பயன்பாட்டில் இருப்பது இதன் பெயருக்கு ஒரு முக்கியக் காரணம். 2005-ல் வைர ட்வீட்டர் வந்தது. செயற்கையாக வளர்க்கப்பட்ட வைரம்தான், ஆனாலும் வைரம். அதன்பின் 2010, 2015, 2021 என ஐந்தாறு வருடத்துக்கு ஒருமுறை ஒரு தலைமுறை மாறியது. 2015-ன் டி3-ல் மஞ்சள் கெவ்லர் கூம்பு போய், வெள்ளி நிறக் கன்டினியம் கூம்பு வந்தது. அது பெரிய மாற்றம். டி4-ல் கூம்பைத் தாங்கிப் பிடிக்கும் துணி வளையத்துக்குப் பதிலாக மெல்லிய கால்கள் போன்ற ஓர் அமைப்பு வந்தது. ட்வீட்டரின் பின்பகுதி நீளமானது. முன்பு பெரிய மாடல்களுக்கு மட்டும் இருந்த வளைந்த பெட்டி சின்ன மாடல்களுக்கும் கிடைத்தது.

வைரம் எதற்கு? ட்வீட்டரின் குவிமாடம் வேகமாக அதிரும்போது ஒரு கட்டத்தில் ஒட்டுமொத்தமாக நகராமல் தாறுமாறாக நெளியத் தொடங்கும். அந்தக் கட்டம் எவ்வளவு மேலே இருக்கிறதோ அவ்வளவு நல்லது. நிறுவனமே சொல்லும் கணக்கில், அதன் அலுமினிய ட்வீட்டருக்கு இது 38 கிலோஹெர்ட்ஸ், கார்பனுக்கு 47, வைரத்துக்கு 70. மனிதக் காதின் உச்சவரம்பு 20 கிலோஹெர்ட்ஸ். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அதுவும் கிடையாது. நெளிவு தள்ளிப்போவதால் கேட்கும் எல்லைக்குள்ளும் ஒலி சுத்தமாகிறது என்பது நிறுவனத்தின் வாதம். வாதத்தில் பொருள் இருக்கிறது. ஆனால் 47-லிருந்து 70-க்குப் போவதற்குத்தான் பல லட்சம் என்றால் யோசிக்க வேண்டியிருக்கிறது.

அறை என்ன செய்யும்?

நகரத்து அடுக்குமாடி வீடுகளில் சாதாரணமாகப் பார்க்கும் ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். 12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம். கான்கிரீட் கூரை, செங்கல் சுவர், கீழே டைல்ஸ்.

எதிரெதிர் சுவர்களுக்கு இடையே ஒலி போய்த் திரும்பும்போது சில அதிர்வெண்கள் மட்டும் தேங்கி நின்று வீங்கும். எந்த அதிர்வெண் என்று கண்டுபிடிப்பது எளிது. ஒலியின் வேகமான நொடிக்கு 343 மீட்டரை அறை நீளத்தின் இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். 12 அடிக்கு (3.66 மீட்டர்) சுமார் 47 ஹெர்ட்ஸ். 10 அடிக்கு (3.05 மீட்டர்) சுமார் 56 ஹெர்ட்ஸ். இந்த அறையில் அகலமும் உயரமும் ஒன்றே என்பதால் 56-ல் இரண்டு வீக்கங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக உட்காரும்.

பேஸ் கிட்டாரின் 'ஏ' கம்பி 55 ஹெர்ட்ஸ். ஆக அந்த ஒரு சுரம் வரும்போதெல்லாம் அறை 'கும்'மென்று அதிரும், பக்கத்துச் சுரம் அமுங்கிப் போகும். இளையராஜாவின் பேஸ் கிட்டார் ஓட்டத்துக்காகவே ஸ்பீக்கர் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கேட்கப்போவது அந்த ஓட்டத்தை அல்ல, சுவர்களின் கருத்தை.

இது கீழ் ஒலியில் மட்டும் நடக்கும் விஷயம். எந்த அதிர்வெண்ணுக்குக் கீழே அறை ஆட்சி செய்கிறது என்பதற்கு ஷ்ரோடர் என்ற ஜெர்மானிய இயற்பியலாளரின் பெயரில் ஒரு சூத்திரம் உண்டு. இந்த 34 கன மீட்டர் அறையில் எதிரொலி அரை நொடி நீடித்தால் சுமார் 240 ஹெர்ட்ஸ். திரைச்சீலை, சோபா எதுவும் இல்லாமல் 0.8 நொடி நீடித்தால் 300-ஐத் தாண்டும். அதற்குக் கீழே நீங்கள் வைத்திருப்பது 30,000 ரூபாய் ஸ்பீக்கரா, 30 லட்சமா என்பது இரண்டாம் பட்சம்.

இப்போது 801 டி4-ஐ இங்கே கொண்டுவந்து வைத்துப் பாருங்கள். ஒவ்வொன்றும் 100 கிலோவுக்கு மேல் எடை (லிஃப்டில் ஏறுமா என்று முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது). இரண்டு 25 சென்டிமீட்டர் வூஃபர், 15 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் பேஸ். அந்த அறையின் இரண்டு வீக்கங்களையும் அது முழு பலத்தோடு எழுப்பும். சிறிய 805 டி4 சுமார் 42 ஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது. 12-க்கு 10 அறைக்கு விலை குறைந்ததுதான் பொருத்தம். விற்பவர் இதை அவராகச் சொல்வார் என்று எதிர்பார்க்க முடியாது.

இடமும் முக்கியம். ஸ்பீக்கரின் முகப்புக்கும் பின்சுவருக்கும் 60 சென்டிமீட்டர் என்றால், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி நேர் ஒலியோடு மோதி 143 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு பள்ளம் விழும். ஆண் குரலின் கனம் இருக்கும் பகுதி அது. ஸ்பீக்கரைக் கொஞ்சம் நகர்த்தினால் பள்ளமும் நகரும், செலவு பூஜ்யம்.

கடையில் கேட்டபோது நன்றாக இருந்ததே?

இருந்திருக்கும். ஆனால் எதைக் கேட்டீர்கள் என்பதுதான் விஷயம். 801 டி4-ன் உணர்திறன் 90 டெசிபெல், 805 டி4-க்கு 88. ஆம்ப்ளிஃபயர் குமிழைத் தொடாமல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றினால் பெரியது 2 டெசிபெல் உரக்க ஒலிக்கும். உரக்க ஒலிப்பதை மனித மூளை 'தரம்' என்று எடுத்துக்கொள்ளும். ஒலி அளவைச் சமப்படுத்தாத எந்த ஒப்பீட்டையும் கணக்கில் எடுக்காதீர்கள்.

இன்னொன்று கண். ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் ஹர்மன் நிறுவனத்தில் 40 பேரை வைத்துச் சோதனை செய்து 1994-ல் வெளியிட்டார்கள். திரைக்குப் பின்னால் வைத்துக் கேட்டபோது ஒரு மதிப்பெண், ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டே கேட்டபோது வேறு மதிப்பெண். சிறியதும் மலிவானதுமான ஸ்பீக்கர் தொகுப்பு ஒன்று, கண்ணில் பட்டதுமே மதிப்பெண்ணை இழந்தது. கேட்டவர்கள் அந்த நிறுவனத்தின் ஊழியர்களே. சுவையான பின்கதை: அதே ஹர்மன், இன்று சாம்சங்கின் கையில் இருக்கும் நிறுவனம், 2025-ல் பவர்ஸ் அண்ட் வில்கின்ஸையும் அதன் சகோதர பிராண்டுகளோடு சேர்த்து 35 கோடி டாலருக்கு வாங்கிவிட்டது.

கடையில் ஒரு மெல்லிய துணியைக் கட்டி, நண்பர் ஒருவரை மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள். சிரிப்பார்கள், பரவாயில்லை.

ஆம்ப்ளிஃபயரையும் மாற்ற வேண்டுமா?

801 டி4-ன் மின்தடை 8 ஓம் என்று எழுதியிருக்கும். சில அதிர்வெண்களில் அது 3 ஓம் வரை இறங்கும் என்பதும் அதே பட்டியலில் கீழே இருக்கும். 2.83 வோல்ட் கொடுத்தால் 8 ஓமில் 1 வாட். 3 ஓமில் 2.67 வாட். அதாவது அந்த இடங்களில் ஆம்ப் இரண்டரை மடங்குக்கு மேல் மின்னோட்டம் தர வேண்டும். சாதாரண ஹோம் தியேட்டர் ரிசீவர்கள் இங்கே திணறும். ஸ்பீக்கர் பட்ஜெட் போடும்போதே ஆம்ப் பட்ஜெட்டையும் சேர்த்துப் போடுங்கள்.

யார் வாங்கலாம்?

டி3 வைத்திருப்பவர் டி4-க்கு மாறுவதற்கு வலுவான காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. அதே நிறுவனத்தின் 600 அல்லது 700 வரிசையிலிருந்து மேலே வர நினைப்பவர், முதலில் ஓர் அளவீட்டு மைக்கை வாங்கி, 'ரூம் ஈக்யூ விசார்ட்' என்ற இலவச மென்பொருளில் தன் அறையை அளந்து பார்க்கட்டும். 50 ஹெர்ட்ஸ் பக்கம் 10, 15 டெசிபெல் மேடு தெரிந்தால், மூலைகளில் தடிமனான உறிஞ்சு பலகைகள், டிராக் போன்ற அறைத் திருத்த மென்பொருள் ஆகியவை ஸ்பீக்கர் விலையில் ஒரு சிறு பங்குக்குள் முடிந்துவிடும். அதன் பிறகும் ஆசை இருந்தால் 805-ஐ வீட்டிலேயே வைத்துக் கேட்க ஒரு வாரம் தரும் டீலரைத் தேடுங்கள். கடையின் டெமோ அறை உங்கள் ஹால் அல்ல.

பணம் இருக்கிறது, 20 அடிக்கு மேல் நீளமான தனி அறையும் இருக்கிறது என்றால் கதை வேறு. அங்கே பெரிய மாடல் தன் வேலையைச் செய்யும்.

இரண்டாம் கை டி3 இன்னொரு வழி. வாங்கும் முன் ட்வீட்டரின் பாதுகாப்பு வலையைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். வைரக் குவிமாடம் கடினமானது, ஆனால் நொறுங்கும் தன்மை கொண்டது. அலுமினியம் போல நசுங்காது, உடைந்துவிடும். மாற்று ட்வீட்டரின் விலையை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து தனியாகக் கொண்டுவரப்பட்ட ஜோடி என்றால், இந்தியாவில் உத்தரவாதம் செல்லுமா என்பதை அதிகாரபூர்வ விநியோகஸ்தரிடம் எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே முன்பணம் கொடுங்கள்.