மிஸ்ரிலிருந்து வந்த தந்திகள்

புத்தளம் நகரிலிருந்து வடக்கே எழுவான்குளம் நோக்கிச் செல்லும் பாதையில் அமைந்திருக்கின்றது வண்ணாத்திவில்லு. மழை நீர் தேங்கி நிற்கும் இயற்கைக் குளங்களை இப்பகுதியில் வில்லு என்பர். இங்குள்ள ஒரு தேநீர்க் கடையில் மஃரிபுக்குப் பின்னர் நடைபெறும் பேச்சு, எங்கே தொடங்கினாலும் உலக அரசியலில் வந்துதான் முடியும். அண்மையில் ஒருநாள் அங்கே ஒருவர், "வெள்ளைக்காரன்ட செய்தியெல்லாம் பொய்தான் நானா" என்று அடித்துச் சொன்னார். அருகிலிருந்த முதியவர் தேநீரைக் குடித்து முடித்துவிட்டு, "சரி தம்பி, அப்ப ஒங்கட போனுக்கு வாறதெல்லாம் மெய்யா?" என்று கேட்டார். கடையில் எவரும் பதில் சொல்லவில்லை.

அந்தக் கேள்வி புதியதன்று. நமது மூதாதையர் 1882ஆம் ஆண்டிலேயே அதனை எதிர்கொண்டனர். அன்று பேச்சுக்கு உட்பட்ட நாடு எகிப்து, நமது பழைய வழக்கில் சொன்னால் மிஸ்ர்.

1869இல் சுயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் கதீவ் இஸ்மாயீலின் கடன் சுமை எல்லை மீறியது. 1875இல் கால்வாயில் எகிப்துக்கிருந்த பங்குகளைப் பிரித்தானியா வாங்கிக்கொண்டது. 1876 முதல் நாட்டின் வரவு செலவை ஐரோப்பியக் கட்டுப்பாட்டாளர்கள் மேற்பார்வை செய்தனர். இந்நிலைக்கு எதிராக எழுந்த இயக்கத்திற்குத் தலைமை தாங்கியவரே அஹ்மத் ஒராபி பாஷா. 1841இல் கிராமத்துக் குடும்பமொன்றிலே பிறந்து இராணுவத்தில் உயர்ந்தவர் அவர். 1881 செப்டெம்பர் 9ஆந் திகதி கெய்ரோவின் ஆப்தீன் அரண்மனை முன்றலில் படையினருடன் நின்று, பாராளுமன்ற ஆட்சி வேண்டுமெனக் கதீவ் தௌபீக்கிடம் கோரினார். அடுத்த ஆண்டு அவர் யுத்த அமைச்சரானார்.

இந்த மனிதரை லண்டன் வாசகர் எவ்வாறு அறிந்துகொண்டனர்? கெய்ரோவிலிருந்து சென்ற தந்திகள், கடிதங்கள் மூலமாகவே. அவற்றை எழுதியவர் யார் என்பதே இங்கு முக்கியமான வினா. எகிப்தின் நிதியைக் கண்காணிக்கப் பிரித்தானியா அனுப்பிய அதிகாரி சேர் ஓக்லண்ட் கொல்வின், அதே காலத்தில் லண்டனின் 'பல் மல் கசெற்' பத்திரிகைக்கும் செய்தி எழுதிவந்தார். ஆளுங்கட்சியான லிபரல்கள் விரும்பிப் படித்த பத்திரிகை அது. கடன் கொடுத்தவர்களின் நலனைக் காக்க வந்தவர், கடன்பட்ட நாட்டின் நிலைமையைப் பற்றி உலகுக்கு அறிவிக்கும் சாட்சியாகவும் ஆனார். தலையீட்டிற்கு ஆணையிட்ட பிரதமர் கிளாட்ஸ்டனின் சொந்த முதலீட்டில் பெரும் பங்கு எகிப்தியக் கடன் பத்திரங்களில் இருந்தது என்பதும் பிற்கால ஆய்வுகளால் வெளிவந்த உண்மையாகும்.

1882 ஜூன் 11ஆந் திகதி அலெக்சாந்திரியாவில் கலவரம் மூண்டது. ஏறத்தாழ ஐம்பது ஐரோப்பியர் உயிரிழந்தனர். இறந்த எகிப்தியரின் தொகை அதனிலும் அதிகமென ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். ஆயினும் ஐரோப்பியப் பத்திரிகைகளில் அது கிறிஸ்தவர்களுக்கு எதிரான படுகொலையாகவே சித்திரிக்கப்பட்டது. பழி ஒராபியின் தலையில் விழுந்தது. சரியாக ஒரு மாதம் கழித்து, ஜூலை 11இல், அட்மிரல் சீமோரின் கப்பல்கள் அந்நகரைக் குண்டு வீசித் தாக்கின. செப்டெம்பர் 13இல் தெல்-எல்-கபீர் போரில் ஒராபி தோற்றார். டிசம்பரில் நடந்த விசாரணையில் கிளர்ச்சிக் குற்றத்தை மட்டுமே அவர் ஏற்றுக்கொண்டார். படுகொலைக்கு ஆணையிட்டார் என்ற குற்றச்சாட்டை நிலைநாட்ட முடியவில்லை. எந்தச் செய்தி யுத்தத்திற்கு மக்கள் மனதை ஆயத்தப்படுத்தியதோ, அந்தச் செய்தி நீதிமன்றத்தில் நிற்கவில்லை. ஆனால் அதற்குள் நாடு கைமாறிவிட்டது.

நீதிக்காகக் குரல் கொடுத்த ஆங்கிலேயரும் இருந்தனர் என்பதை மறத்தலாகாது. வில்பிரட் பிளண்ட் என்பவர் எகிப்திய தேசியக் கட்சியின் வேலைத்திட்டத்தை 1882 ஜனவரியில் லண்டன் 'ரைம்ஸ்' பத்திரிகையில் வெளிவரச் செய்தார். ஒராபிக்கு வழக்கறிஞரை அமர்த்திக் கொடுத்தவரும் அவரே.

மரண தண்டனை நாடுகடத்தலாக மாற்றப்பட்டது. 1883 ஜனவரியில் ஒராபியும் அவரது தோழர் அறுவரும் கொழும்பில் வந்திறங்கினர். அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர், 1882 டிசம்பரில்தான், அறிஞர் சித்திலெப்பை தமது 'முஸ்லிம் நேசன்' வார இதழைத் தொடங்கியிருந்தார். இந்த இரண்டு நிகழ்வுகளும் அடுத்தடுத்து நிகழ்ந்தமை நமது வரலாற்றில் ஆழ்ந்து நோக்கத்தக்கது. அதுவரை வெளியுலகச் செய்தி இங்கே பெரும்பாலும் ரொய்ட்டர் தந்தி வழியே ஆங்கிலத்தில் வந்தது. 1870ஆம் ஆண்டு ஐரோப்பாவின் மூன்று செய்தி நிறுவனங்கள் உலகைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டபோது, பிரித்தானிய ஆட்சிப் பரப்பு ரொய்ட்டரின் பங்காயிற்று. இப்போது தமிழ் அறிந்த முஸ்லிமுக்குத் தன் மொழியில் ஒரு பத்திரிகை கிடைத்தது. செய்தியில் கொடியவராகக் காட்டப்பட்ட மனிதரும் அவன் கண்முன்னே வந்து நின்றார்.

ஒராபி பதினெட்டு ஆண்டுகளுக்கு மேல் கொழும்பிலும் கண்டியிலும் வாழ்ந்தார். சித்திலெப்பை அவருடன் நெருங்கிப் பழகினார். 1892இல் மருதானையில் தோன்றி, பின்னர் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்த மத்ரஸாவுக்கு ஒராபியின் ஆதரவு இருந்தது. நமது பெரியோர் பலர் துருக்கித் தொப்பி அணியத் தலைப்பட்டதிலும் அவரது செல்வாக்கைக் காணலாம். சித்திலெப்பை 1885இல் எழுதிய 'அசன்பேயுடைய கதை'யின் நாயகனும் மிஸ்ரைச் சேர்ந்தவனே. எதிரி நாடு என்று தந்திகள் காட்டிய நிலம், ஈழத்தின் முதல் தமிழ் நாவலில் நாயகனின் தாயகமாயிற்று. பத்திரிகை கட்டிய பிம்பத்தைக் கலைத்தது மறுப்பு அறிக்கையன்று. நேரில் அறிந்த பழக்கமே.

இத்துடன் நிறுத்திக்கொண்டால் நமக்கு நிறைவாகவே இருக்கும். ஆனால் தேநீர்க் கடை முதியவரின் கேள்வி அப்படியே நிற்கின்றது. ஒராபியை வீழ்த்தியதில் ஆங்கிலப் பத்திரிகைக்கு மட்டுமா பங்கு? தெல்-எல்-கபீர் போருக்குச் சில நாட்களின் முன்னர் சுல்தான் அப்துல் ஹமீத் அவரைக் கிளர்ச்சிக்காரர் எனப் பிரகடனப்படுத்தினார். அதனை வெளியிட்டது இஸ்தான்புல்லின் 'அல்-ஜவாயிப்' என்ற அறபுப் பத்திரிகை. அதன் பிரதிகள் எகிப்துக்குள் பரப்பப்பட்டுப் படையினரின் மனவுறுதியைக் குலைத்தன. 1901இல் மன்னிப்புப் பெற்று முதுமையில் அவர் தாயகம் திரும்பியபோது, அங்கிருந்த தேசியவாதிகளே அவரை இகழ்ந்தனர். கவிஞர் அஹ்மத் ஷவ்கி அவரை எள்ளிக் கவிதை எழுதினார். அறபு மொழியில், முஸ்லிம்களின் பேனாவால் எழுதப்பட்டமையால் மட்டும் ஒரு செய்தி நீதியானதாகிவிடாது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

2003இலும் இதே கதை திரும்பியது. ஈராக்கிடம் பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாகப் பத்திரிகைகள் எழுதின, யுத்தம் மூண்டது, ஆயுதங்கள் கிடைக்கவில்லை. 2004 மே மாதத்தில் 'நியூயோர்க் ரைம்ஸ்' தனது செய்தியளிப்பில் குறையிருந்ததாக ஒப்புக்கொண்டது. ஒப்புதல் வந்தபோது பாக்தாத் ஏற்கெனவே வீழ்ந்திருந்தது.

வண்ணாத்திவில்லுக்கு இது தூரத்துக் கதையன்று. 2019 ஜனவரியில் இப்பகுதித் தோட்டமொன்றில் பெருந்தொகை வெடிபொருட்கள் கைப்பற்றப்பட்டன. அது உண்மைச் செய்தி. அதன் பாரதூரத்தை உணரவேண்டியவர்கள் உணரவில்லை. ஏப்ரல் 21இல் 250க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். மே 13இல் இந்த மாவட்டத்தின் கொட்டாரமுல்லையில் முஸ்லிம் ஒருவர் வன்முறைக் கும்பலால் கொல்லப்பட்டார். அதே மாதம் 23ஆந் திகதி சிங்கள நாளிதழ் ஒன்று, முஸ்லிம் மருத்துவர் ஒருவர் ஆயிரக்கணக்கான சிங்களப் பெண்களுக்கு இரகசியமாகக் கருத்தடை செய்ததாக முதற்பக்கத்தில் எழுதியது. குற்றப் புலனாய்வுத் திணைக்களம் அதற்கு ஆதாரம் காணவில்லை. ஜனவரியில் வந்த மெய் கவனிப்பாரற்றுக் கிடந்தது. மே மாதத்தில் வந்த பொய் நாடெங்கும் நம்பப்பட்டது. எல்லாச் செய்தியும் பொய் என்று ஒதுக்குவோர் முதலாவதைத் தவறவிடுவர். தமக்குப் பிடித்த செய்தியெல்லாம் மெய் என்று கொள்வோர் இரண்டாவதைப் பரப்புவர்.

சூரத்துல் ஹுஜுராத் செய்தியைத் தீர விசாரிக்கப் பணிக்கின்றது. அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்த நேரும் என்பதே அது சொல்லும் காரணம். அந்தக் கூட்டத்தார் நமது கூட்டத்தாராகத்தான் இருக்கவேண்டும் என்று அங்கே நிபந்தனையில்லை. நமக்கு இழைக்கப்பட்ட அநீதியை நாம் நன்கறிவோம். நமது கைத்தொலைபேசியிலிருந்து இன்னொரு நாட்டாருக்கு, இன்னொரு சமூகத்தாருக்கு நாம் இழைப்பதையும் அதே கண்ணால் பார்க்கவேண்டும்.

இந்தச் செய்தியை எழுதியவர் யார்? அவருக்கு இதில் என்ன இலாபம்? 1882இல் கெய்ரோத் தந்திகளைப் பற்றிக் கேட்கத் தவறிய இந்த இரண்டு கேள்விகளும் இன்று நமக்குப் போதும். அன்று தேநீர்க் கடையில் முதியவர் கேட்டதும் வேறொன்றன்று.