யூனிக்ஸ் சமிக்ஞை

ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரலை இடைமறித்து, கைக்காரியத்தை விட்டுவிட்டு வேறொன்றைக் கவனிக்கும்படியோ, அந்த க்ஷணமே முடிந்துபோகும்படியோ இயங்குதளத்தின் கெர்னல் இடும் ஆக்ஞைக்குச் சமிக்ஞை என்று பெயர். 1969ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ஸன், டென்னிஸ் ரிச்சி முதலியோர் தொடங்கிய யூனிக்ஸில் இது ஆதியில் பெரும்பாலும் நிரலைக் கொல்வதற்கே பயன்பட்டது. எந்தச் சமிக்ஞையை அனுப்புவதற்கும் உரிய கட்டளை இன்றளவும் 'கில்' என்றே வழங்குவது அந்தப் பூர்வாசிரமத்தின் அடையாளம்.

1979இல் வெளிவந்த யூனிக்ஸின் ஏழாம் பதிப்பில் ஒரு விசித்திரமான குறை இருந்தது. நிரலை இடைமறிக்கும் சமிக்ஞையை அனுப்பப் பயனர் டெலீட் விசையை அழுத்தினால், அது வரும்போது செய்யவேண்டியதைச் செய்ய நிரல் தனக்கென அமைத்திருந்த கையாளியை ஓடவிடுவதற்கு முன்பே கெர்னல் அந்த ஏற்பாட்டை அழித்து, இனி வந்தால் கொன்றுவிடுவது என்னும் பழைய நிலைக்குத் திருப்பிவிடும். ஆகவே கையாளியின் முதற்காரியம் தன்னை மறுபடி பதிவுசெய்துகொள்வது. அந்தப் பதிவு முடிவதற்குள், பொறுமையிழந்த பயனர் விசையை இரண்டாம் முறை தட்டிவிட்டால், ஒரு பாவமும் அறியாத நிரல் மாண்டுபோகும். சோதிக்கும்போதெல்லாம் அகப்படாமல், வேலை மும்முரத்தில் ஒரு நாள் தலைகாட்டும் இத்தகைய பிழையைப்போல் பொல்லாதது வேறில்லை. 1983இல் பெர்க்லியிலிருந்து வந்த 4.2 பிஎஸ்டி என்னும் யூனிக்ஸ் வடிவம், கையாளியை நிலையாக வைத்ததோடு, அது ஓடி முடியும்வரை அதே சமிக்ஞை மீண்டும் நுழையாதபடி தடுத்தும் நிறுத்திற்று. யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான 1988இன் பாஸிக்ஸ் தரம் இவ்வழியையே பொதுவிதியாக ஏற்றது.

நிரல்களின் பக்கம் இருந்த இந்த நேர இடைவெளி அடைபட்ட பின்னரும் கெர்னலின் உள்ளே அதே ஜாதி இடைவெளிகள் இருக்கவே செய்தன. யூனிக்ஸை ஒத்த லினக்ஸில் நிரலின் கையாளிகள் ஓர் அட்டவணையில் பதிந்திருக்கும். சமிக்ஞை அனுப்பும் பகுதி அவ்வட்டவணையின் முகவரியைப் படித்து, வேறு பகுதிகள் அதே சமயம் அதைத் தொடாதபடி காக்கும் பூட்டைப் பிடிக்க எத்தனிக்கும் நேரத்திற்குள், பெறவேண்டிய நிரல் முடிந்து, அட்டவணை விடுவிக்கப்பட்டு, அந்த நினைவகம் வேறொரு நிரலின் அட்டவணையாக மறுபிறவி எடுத்திருக்கக்கூடும். ஆதலால் பூட்டைப் பிடித்த பிறகு கெர்னல் முகவரியை மறுபடியும் ஒப்பிட்டுப் பார்த்து, மாறியிருந்தால் பூட்டை விட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறது.

சமிக்ஞையோடு செல்லும் விவரத்தொகுதிக்கு லினக்ஸில் 128 பைட்டு இடம். அதில் சில புலங்களை மட்டும் நிரப்பி எஞ்சியதைத் துடைக்காமல் விட்டால், கெர்னலின் நினைவக அடுக்கில் முன்பு கிடந்தவை, சிலேட்டில் சரியாக அழியாத நேற்றைய கணக்கைப்போல், பயனரின் பார்வைக்குப் போய்விடும். நிரப்புவதற்கு முன் தொகுதி முழுவதையும் பூஜ்யமாக்கும் வழக்கம் கெர்னல் நெடுகிலும் பரவியது 2018ஆம் ஆண்டில்தான்.