ஆற்காட்டு வீரர் தோற்ற எலெக்‌ஷன்

போன மாசம் சிதம்பரத்துல ஒரு கல்யாணம். முடிச்சுட்டு பஸ்ல கடலூர் வந்தேன். சாயங்காலம் சில்வர் பீச் கூட்டத்தை விட்டுட்டு, தேவனாம்பட்டினத்துல கெடிலம் ஆத்துப் பக்கமா நடந்தா, செடி கொடிக்கு நடுவுல கொஞ்சம் பழைய செங்கல் கட்டடம் நிக்குது. ஒரு காலத்துல தென்னிந்தியாவுல ஆங்கிலேயருக்குத் தலைமையிடமாவே இருந்த செயின்ட் டேவிட் கோட்டையில மிச்சம் அவ்வளவுதான்.

இன்னைக்குக் கதை இந்தக் கோட்டையிலிருந்து கிளம்பி, இங்கிலாந்துல எலெக்‌ஷன்ல நின்னு, சீட்டைப் பறிகொடுத்து, திரும்ப இங்கேயே வந்த ஒரு முன்னாள் படைவீரரைப் பத்தினது. பேரு உங்களுக்குத் தெரியும். ராபர்ட் கிளைவ்.

முதல்ல இடம். 1690-ல கிழக்கிந்தியக் கம்பெனி இந்தக் கோட்டையை மராட்டியர்கள்கிட்ட விலைக்கு வாங்குச்சு. எல்லையை எப்படி அளந்தாங்க தெரியுமா? கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு போய் விழுற தூரம் வரைக்கும் கம்பெனி நிலம். அந்த ஊர்களுக்குக் ‘குண்டு கிராமங்கள்’னே பேரு வந்துடுச்சு. அங்கே குடியிருந்த ஜனங்ககிட்ட யாரும் சம்மதம் கேட்கலை.

1746-ல பிரெஞ்சுக்காரங்க சென்னையைப் பிடிச்சப்போ, மாறுவேஷம் போட்டுத் தப்பிச்சு இங்கே வந்தவங்கள்ல ஒருத்தர் கிளைவ். வேலை, கணக்கு எழுதுற குமாஸ்தா. வயசு 21. அடுத்த வருஷம் படையில சேர்ந்தார். 1749-ல தஞ்சாவூர் அரசுரிமைச் சண்டையில கம்பெனி மூக்கை நுழைச்சு, சிதம்பரத்துக்குத் தெற்கே கொள்ளிடம் முகத்துவாரத்துல இருந்த தேவிகோட்டையைத் தாக்குச்சு. முன்வரிசையில போன கிளைவோட சின்ன வெள்ளைக்காரப் படையில பெரும்பாலானவங்களைத் தஞ்சைக் குதிரைவீரர்கள் வெட்டிச் சாய்ச்சாங்க. கிளைவ் தப்பிச்சார். அங்கேதான் அவரோட பேரு வெளியே தெரிய ஆரம்பிச்சுது. 1751-ல ஆற்காடு முற்றுகையைத் தாக்குப் பிடிச்சதும் லண்டன் வரைக்கும் பேசினாங்க.

அவர் சம்பாதிச்சது வாளால மட்டும் இல்ல. செயின்ட் டேவிட்ல படைக்கு உணவுப்பொருள் சப்ளை பண்ற பொறுப்பும் அவர்கிட்ட இருந்துச்சு. அதுல கமிஷன். இதையெல்லாம் சேர்த்து, 1753-ல ஊர் திரும்பினப்போ கையில சுமார் 40,000 பவுண்டு இருந்ததா அவரோட வரலாற்றை எழுதினவங்க சொல்றாங்க. அந்தக் காலத்துல அது பெரிய சொத்து. குடும்பக் கடனை அடைச்சார். ஆடம்பரமா வாழ்ந்தார். அப்புறம் எம்.பி. ஆகணும்னு ஆசை வந்துச்சு.

1754 பொதுத்தேர்தல். கார்ன்வால்ல மிட்செல்னு ஒரு தொகுதி. தொகுதின்னா நம்ம கணக்குல நினைக்காதீங்க. மொத்த வாக்காளர்களே சுமார் 50 பேர்தான். இவங்க ரெண்டு எம்.பி.யை அனுப்பலாம். ஓட்டு கையில இருந்தவங்களுக்கு எலெக்‌ஷன்னா அறுவடை மாதிரி. நம்ம ஊர்ல ‘திருமங்கலம் ஃபார்முலா’ன்னு பேசுறோமே, அதுக்கெல்லாம் தாத்தா இந்த ஊர். கிளைவுக்குப் பின்னாடி சாண்ட்விச் பிரபு. எதிர்த்தரப்புக்குப் பின்னாடி பிரதமர் நியூகாசில் பிரபு.

கிளைவ் ஜெயிச்சார். தோத்தவங்க பார்லிமென்ட்ல மனு கொடுத்தாங்க. இப்போ தேர்தல் வழக்குன்னா ஹைகோர்ட்டுக்குப் போகும். அப்போ விசாரிச்சதே எம்.பி.க்கள்தான். 1770-ல சட்டம் மாறுற வரைக்கும் மொத்தச் சபையும் ஓட்டுப் போட்டுத்தான் முடிவு பண்ணும். சாட்சியமெல்லாம் பேருக்கு, எந்தக் கட்சிக்கு எத்தனை தலைங்கிறதுதான் கணக்கு. 1755 மார்ச்சில முடிவு வந்துச்சு: 207-க்கு 183. கிளைவ் சீட்டு காலி. இடைத்தேர்தல் கூட இல்ல, தோத்தவரையே சீட்டுல உட்கார வச்சுட்டாங்க.

பணம் கரைஞ்சுபோச்சு, பதவியும் இல்ல. திரும்ப இந்தியாவுக்கே கிளம்பினார். இந்தத் தடவை லெப்டினன்ட் கர்னல், செயின்ட் டேவிட் கோட்டைக்குத் துணை கவர்னர். 1756 ஜூன் மூணாவது வாரத்துல இங்கே பொறுப்பேத்துக்கிட்டார். அதே நாட்கள்ல, வங்காள நவாப் சிராஜ் உத் தௌலா கல்கத்தாவைப் பிடிச்சார். சேதி ஆகஸ்ட்லதான் சென்னைக்கு வந்து சேர்ந்துச்சு. யாரை அனுப்பலாம்னு யோசிச்சாங்க. பக்கத்துல கடலூர்ல கிளைவ் இருந்தார். அடுத்த வருஷம் ஜூன் 23, பிளாசி.

அப்போ, மிட்செல்ல சீட்டு நிலைச்சிருந்தா இந்தியா தப்பிச்சிருக்குமா? எனக்கு அப்படித் தோணலை. கம்பெனிகிட்ட பணம், கப்பல், வேற தளபதிகள் எல்லாம் இருந்துச்சு. சண்டை வேற மாதிரி, வேற நேரத்துல நடந்திருக்கலாம்.

என்னை உறுத்துறது வேற. மிட்செல்ல செலவான பணம் எங்கேயிருந்து போச்சு? கடலூர்லயும் திருச்சியிலயும் படைக்குப் போன அரிசியும் ஆடுமாடும்தானே அந்தக் கமிஷன்? அந்த அரிசியை விளைவிச்சவருக்கு ஓட்டு இல்ல. அந்தக் காசுல பிழைச்ச கார்ன்வால் வாக்காளர் ஓட்டு போட்டார். கிளைவோட விஷயம் அதோட முடியவும் இல்ல. வங்காளத்துப் பணத்தோட திரும்பிப்போய், 1761-ல ஷ்ரூஸ்பரி எம்.பி. ஆகி, 1774-ல சாகுற வரைக்கும் அதே சீட்டுல இருந்தார். 1773-ல அவரோட சொத்தைப் பத்தி பார்லிமென்ட் விசாரிச்சப்போ, அவரும் அதே சபையில ஒரு உறுப்பினர்!

அவர் மட்டும் இல்ல. வந்தவாசி புகழ் அயர் கூட் ஞாபகம் இருக்கா? அவரும் லெஸ்டர், பூல் தொகுதிகள்ல எம்.பி.யா இருந்துட்டுத் திரும்ப இங்கே வந்தவர்தான். 1781 ஜூன்ல ஹைதர் அலி படை காவல் காத்த சிதம்பரம் கோயிலைத் தாக்கி, அடிவாங்கிப் பின்வாங்கினார். ரெண்டு வாரம் கழிச்சு, ஜூலை 1, பரங்கிப்பேட்டைச் சண்டையில ஹைதரை ஜெயிச்சார்.

நம்ம பக்கம் ஓட்டு வர ரொம்ப நாளாச்சு. 1920-ல சென்னை மாகாணச் சட்டசபைக்குத் தேர்தல் நடந்தப்போ, அதுவும் சொத்து, வரி கட்டுற சிலருக்கு மட்டும்தான். அந்தத் தேர்தலுக்குப் பிறகு மாகாணத்தோட முதல் முதலமைச்சர் ஆனவர் ஏ. சுப்பராயலு ரெட்டியார். இதே தென்னாற்காடு மாவட்டத்துக்காரர். வயசு வந்த எல்லாருக்கும் ஓட்டுன்னு ஆனது 1951-52 தேர்தல்லதான்.

கோட்டையை 1758-லயே பிரெஞ்சுக்காரங்க பிடிச்சு இடிச்சுட்டாங்க. நான் நின்ன இடத்துல போர்டு ஒண்ணும் கண்ணுல படலை. பக்கத்துல வலை பின்னிக்கிட்டிருந்த அண்ணன்கிட்ட, “இது என்ன இடம்ணே?”னு கேட்டேன். “பழைய கோட்டை தம்பி, வெள்ளைக்காரனோடது”ன்னார். “வர்ற எலெக்‌ஷன்ல ஓட்டு போடுவீங்களாண்ணே?”

“போடாம? நம்ம ஓட்டை வேற எவனாவது போட்டுட்டுப் போயிடுவானே!”

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.