அடுக்களையும் விடுதலையும்

மாளிகைகளின் வரலாறு எழுதப்பட்டிருக்கிறது. கோட்டைகளின் வரலாறும் ஆலயங்களின் வரலாறும் எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால், மாளிகையில் வாழ்ந்தவனுக்கும் கோட்டையைக் காத்தவனுக்கும் ஆலயத்தில் வழிபட்டவனுக்கும் சோறிட்ட அடுக்களையின் வரலாற்றை எழுத முன்வந்தோர் மிகச் சிலரே. மாவு எந்த இடத்தில் இருக்கவேண்டும், கழுவிய பாத்திரம் எங்கே காயவேண்டும், அடுப்புக்கும் உணவு மேசைக்கும் இடையே எத்தனை அடி தூரம் இருக்கவேண்டும் என்பன போன்ற கேள்விகள் அறிஞர்களின் கவனத்துக்கு உரியவையல்ல என்றே நெடுங்காலமாகக் கருதப்பட்டு வந்தது. மனித குலத்தின் சரிபாதியினர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த இடம் அதுவாகும். அவ்விடத்தைத் திட்டமிடுவது சிறு காரியமெனின் அவர்களின் உழைப்பும் சிறு காரியமே என்பது பொருள். அந்தப் பொருளை ஏற்க மறுத்தவர்களின் கதையையே நாம் இங்கு ஆராய முற்படுகின்றோம்.

அமெரிக்காவில் கதரின் பீச்சர் என்ற பெண்மணி 1841 இல் குடும்பப் பொருளாதாரம் பற்றிய நூலொன்றை வெளியிட்டார். பின்னர் 1869 இல், அடிமைமுறையின் கொடுமையை நாவலாக எழுதி உலகப் புகழ் பெற்ற தம் சகோதரி ஹரியட் பீச்சர் ஸ்டோவுடன் சேர்ந்து, அமெரிக்கப் பெண்ணின் இல்லம் பற்றி மற்றொரு நூலையும் எழுதினார். நீராவிக் கப்பலின் சமையற்கட்டு அவருடைய கவனத்தை ஈர்த்தது. இருநூறு பேருக்கு உணவு சமைப்பதற்கு வேண்டிய பொருள்கள் யாவும், ஓரிரு அடி எடுத்துவைத்தால் எட்டக்கூடிய சிறிய இடத்துக்குள் அங்கே அடங்கியிருக்கின்றன. அவ்வாறாயின், ஒரு குடும்பத்துக்குச் சமைக்கும் பெண் அகன்ற அறையின் நான்கு மூலைகளுக்கும் ஏன் நடக்கவேண்டும்? இக்கேள்வியிலிருந்து அவருடைய திட்டம் பிறந்தது. சாளரத்தின் வெளிச்சம் விழுமிடத்தில் வேலைப்பலகை, அதனருகே மாப்பெட்டி, கைக்கெட்டும் உயரத்தில் இறாக்கைகள், அடுப்பின் வெப்பம் பரவாதபடி இடையில் கண்ணாடிக் கதவுகள். வேலைக்காரர் இல்லாத வீட்டை மனதிற் கொண்டு அவர் இதனை வரைந்தார். எனினும், வீடே பெண்ணின் இராச்சியம் என்ற கொள்கையை அவர் கைவிடவில்லை. பெண்களுக்கு வாக்குரிமை கோரிய இயக்கத்தையும் அவர் எதிர்த்தார். அடுக்களையைச் சீர்திருத்தியவர், அடுக்களைக்கு வெளியே பெண்ணுக்கு இடமுண்டு என்பதை ஏற்கவில்லை. இந்த முரண்பாடு பின்வந்த நூறாண்டுகளிலும் பலவாறு தலைகாட்டும்.

அதே காலத்தில், அதே நாட்டில், வேறொரு சிந்தனையும் எழுந்தது. சமையலறையைத் திருத்துவதைவிட அதனை வீட்டிலிருந்தே அகற்றிவிடலாகாதா என்று மெலூசினா பே பியர்ஸ் என்பவர் 1868 இல் கேட்டார். சமையலையும் சலவையையும் தையலையும் பெண்கள் கூட்டுறவாகச் செய்து, அதற்குரிய கூலியைத் தம் கணவன்மாரிடமிருந்தே பெறவேண்டும் என்பது அவருடைய யோசனை. மசாசூசெற்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் அவர் தொடங்கிய சங்கம் 1871 இல் முடிவுற்றது. ஆனால் எண்ணம் மடியவில்லை. ஷார்லட் பெர்க்கின்ஸ் கில்மன் 1898 இல் சமையலறையற்ற வீடுகளைப் பற்றி எழுதினார். ஜேர்மனியில் ஓகஸ்ட் பெபல் 1879 இலேயே, பெண்ணின் விடுதலைக்குத் தனிச் சமையலறை தடையாயிருக்கிறது என்று வாதித்திருந்தார். லில்லி பிரவுண் 1901 இல், பல குடும்பங்கள் வாழும் கட்டிடத்துக்கு ஒரே சமையலறை போதும் என்றொரு திட்டத்தை முன்வைத்தார். அது தொழிலாளப் பெண்களுக்கு எட்டாத திட்டம் என்று கிளாரா செட்கின் அதனைக் கண்டித்தார். சோசலிசவாதிகளுக்குள்ளேயே இவ்விவாதம் நடந்தது என்பதை நாம் கவனிக்கவேண்டும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொழிற்சாலையின் காற்று சமையலறைக்குள்ளும் வீசத் தொடங்கியது. பிரெடெரிக் டெய்லர் 1911 இல் தமது விஞ்ஞான முகாமை நூலை வெளியிட்டார். தொழிலாளியின் ஒவ்வோர் அசைவையும் கடிகாரத்தால் அளந்து, வீண் அசைவுகளைக் களைந்து, குறைந்த நேரத்தில் கூடிய வேலை வாங்குவதே அவருடைய முறை. அம்முறை தொழிலாளியைக் கசக்கிப் பிழிவதற்குப் பயன்பட்டது என்பதை எல்லோரும் அறிவர். கிறிஸ்டீன் பிரெடெரிக் என்ற அமெரிக்கப் பெண் அதையே வீட்டுக்குக் கொண்டுவந்தார். 1912 இல் ஒரு மாதர் சஞ்சிகையில் அவர் எழுதிய கட்டுரைகள் அடுத்த ஆண்டில் நூலாயின. சமையலறை வேலைகள் யாவும் இரண்டே தொடர்களில் அடங்கும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. பொருளை எடுத்தல், பக்குவப்படுத்தல், சமைத்தல், பரிமாறல் என்பது ஒரு தொடர். எச்சிலை அகற்றல், கழுவுதல், உலர்த்தல், எடுத்துவைத்தல் என்பது மற்றொன்று. பொருள்களும் பாத்திரங்களும் இவ்விரு தொடர்களின் வரிசைப்படியே வைக்கப்படவேண்டும் என்றார். ஒழுங்காக அடுக்கிய சமையலறையையும் ஒழுங்கற்ற சமையலறையையும் அருகருகே வரைந்து, பெண் நடக்கும் பாதையைக் கோடுகளால் காட்டினார். ஒன்றில் கோடுகள் நேராகச் சென்றன. மற்றதில் சிக்குண்ட நூலைப் போலப் பின்னிக் கிடந்தன.

இக்கோடுகள் கடல் கடந்து ஜேர்மனியை அடைந்தன. பிரெடெரிக்கின் நூல் 1920களின் தொடக்கத்தில் ஜேர்மன் மொழியில் வெளிவந்தது. முதலாம் உலகப் போரில் தோல்வியுற்று, பணவீக்கத்தால் சீரழிந்து, வீடற்றோர் பெருகியிருந்த காலம் அது. ஒவ்வொரு ஜேர்மனியனுக்கும் சுகாதாரமான உறைவிடம் என்பது 1919 ஆம் ஆண்டு அரசியற் சட்டத்தின் இலட்சியங்களுள் ஒன்றாயிருந்தது. பழைய வீட்டுச் சொந்தக்காரர்களின் அடைமானக் கடன்களைப் பணவீக்கம் துடைத்தெறிந்திருந்தது. அவ்வாறு ஆதாயம் பெற்றவர்கள்மீது 1924 இல் வரி விதிக்கப்பட்டு, அதன் ஒரு பகுதி புதிய வீடுகளுக்குச் செலவிடப்பட்டது. பிராங்பேர்ட் நகரில், நகர முதல்வர் லுட்விக் லண்ட்மனின் ஆதரவுடன் கட்டிடக் கலைஞர் ஏர்ணஸ்ட் மே 1925 முதல் 1930 வரையில் 12,000க்கும் மேற்பட்ட குடியிருப்புகளை எழுப்பினார்.

அவர் 1926 இல் வியன்னாவிலிருந்து அழைத்துக்கொண்டவரே மார்கரெட் லிஹொட்ஸ்கி. 1897 இல் பிறந்த இவர், ஆஸ்திரியாவில் கட்டிடக்கலை பயின்ற முதற் பெண்களுள் ஒருவர். போருக்குப் பின் வியன்னாவின் புறநகரில் நிலத்தைப் பண்படுத்திக் குடியேறிய ஏழை மக்களுக்காக வீடுகள் வரைந்து அனுபவம் பெற்றவர். அக்காலத் தொழிலாளர் வீடுகளிற் பெரும்பாலானவற்றில் சமையலறையே வசிப்பறை. அதுவே பலருக்குப் படுக்கையறை. நீராவிக்கும் கரிப்புகைக்கும் நடுவிலே குழந்தைகள் உறங்கின. சமையலைத் தனியறைக்கு மாற்றினால் சுகாதாரம் பெருகும். அத்தனியறையைச் சிறிதாக்கினால் கட்டிடச் செலவு குறையும். இவ்விரு தேவைகளும் சந்தித்த இடத்தில் உருவானதே பிராங்பேர்ட் சமையலறை எனப் பெயர் பெற்ற அமைப்பு.

அதன் நீளம் ஏறத்தாழ 3.4 மீற்றர், அகலம் 1.9 மீற்றர். புகையிரத உணவு வண்டியின் சமையற்கட்டை லிஹொட்ஸ்கி முன்மாதிரியாகக் கொண்டார். கடிகாரம் கொண்டு வேலைகளை அளந்தார். சாளரத்தின் கீழ் வேலைமேசையும், இருந்தபடி வேலை செய்வதற்கு உயரத்தை மாற்றக்கூடிய சுழல் இருக்கையும் வைத்தார். மேசையின் விளிம்பிலேயே காய்கறிக் கழிவைத் தள்ளிவிட ஒரு பள்ளமும் இலாச்சியும் இருந்தன. கழுவிய தட்டுகளைத் துடைக்கும் வேலையையே ஒழிப்பதற்காக அவை தாமாகவே நீர் வடிந்து காயும் சட்டம் ஒன்றை அமைத்தார். விளக்கு கூரையில் வேண்டிய இடத்துக்கு நகர்ந்தது. துணி தேய்க்கும் பலகை சுவரோடு மடிந்தது. நெருப்பில்லாமலே உணவை வேகவைக்கும் சூட்டுப்பெட்டியும் இருந்தது. அலுமாரிகள் உள்வாங்கிய கொங்கிறீற் பீடத்தின்மேல் நின்றபடியால் காலுக்கு இடம் கிடைத்தது. அடியில் தூசியும் படியவில்லை.

பொருள்களைச் சேமித்துவைக்கும் முறையே இவற்றுள் மிகவும் நுட்பமானது. அரிசி, சீனி, பருப்பு முதலிய உலர்ந்த பொருள்களுக்கென அலுமினிய இலாச்சிகள் வரிசை வரிசையாகப் பொருத்தப்பட்டன. பலரும் அறிந்த அமைப்பில் இவை பதினெட்டு. ஒவ்வொன்றின் முகப்பிலும் பொருளின் பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொன்றுக்கும் கைபிடியும் வாயும் இருந்தமையால் அதனை உருவியெடுத்து நேரே பாத்திரத்திற் கொட்டலாம். டப்பாவைத் தேடி, மூடியைத் திறந்து, கரண்டியால் அள்ளி, மீண்டும் மூடிவைக்கும் நான்கு வேலைகள் ஒன்றாகக் குறைந்தன. மாவுக்குரிய இலாச்சி மட்டும் ஓக் மரத்தாலானது. அம்மரத்திலுள்ள துவர்ப்புப் பொருள் மாப்புழுவை அண்டவிடாது என்பதே காரணம். ஈக்கள் நீல நிறத்தை நாடுவதில்லை என்ற நம்பிக்கையால் அலுமாரிகளுக்கு நீலப்பச்சை வர்ணம் பூசப்பட்டது. எந்தப் பொருள் எந்த வேலைக்கு முதலில் தேவைப்படுகிறதோ அது அந்த வேலை நடக்கும் இடத்துக்கு அருகில் இருக்கவேண்டும் என்ற ஒரே விதியின் பல உருவங்கள் இவை.

ஏறத்தாழ 10,000 வீடுகளில் இச்சமையலறை அமைந்தது. பெருந்தொகையாக உற்பத்தி செய்யப்பட்டமையால் அதன் விலை குறைந்தது. அச்செலவும் வாடகையோடு சேர்த்தே அறவிடப்பட்டது. தனித்தனியே தளபாடம் வாங்க இயலாத குடும்பத்துக்கு இது ஒரு வரப்பிரசாதம் என்பதில் ஐயமில்லை.

ஆயினும், இந்த வீடுகளிற் குடியேறியவர் யார்? பெரும்பாலும் திறன்பெற்ற தொழிலாளரும் எழுதுவினைஞரும் சிற்றதிகாரிகளுமே. மிக வறியோருக்கு அந்த வாடகை எட்டவில்லை. முற்றாக மின்சாரமயமாக்கப்பட்ட ரோமர்ஸ்டாட் குடியிருப்பில் மின்சாரக் கட்டணமே பெருஞ்சுமையாயிற்று. முன்னைய வீட்டிலிருந்து கொண்டுவந்த பெரிய அலுமாரிகளுக்குப் புதிய சமையலறையில் இடமிருக்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கு இருவர் சேர்ந்து வேலை செய்ய முடியாதிருந்தது. பழைய அறையின் புகையோடு அதன் கூட்டமும் வெளியேற்றப்பட்டது. மகள் காய் நறுக்க, பாட்டி கதை சொல்ல, கணவன் அடுப்பருகே குளிர்காய, சமைப்பவள் எல்லோருடனும் இருந்த நிலை மாறி, அவள் ஆறரைச் சதுர மீற்றரில் தனித்து நின்றாள். தள்ளுகதவின் வழியாகக் குழந்தையைக் கவனிக்கலாம் என்று வரைபடம் கூறியது. ஆனால் கணவன் உள்ளே வந்து கைகொடுக்க வரைபடத்தில் இடமில்லை. ஒருவருக்கென அளந்து கட்டப்பட்ட அறை, அவ்வேலை ஒருவருக்கே உரியது என்ற தீர்ப்பையும் சேர்த்தே கட்டிவிட்டது. 1970களிற் பெண்ணுரிமை இயக்கத்தினர் எழுப்பிய இக்குற்றச்சாட்டை நாம் எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

லிஹொட்ஸ்கியின் நோக்கம் அதுவன்று என்பதையும் நேர்மையுடன் சொல்லவேண்டும். பெண் வெளியே சென்று தொழில் புரியவேண்டும், கற்கவேண்டும், ஓய்வு பெறவேண்டும். அதற்காகவே வீட்டு வேலையின் நேரம் சுருங்கவேண்டும் என்று அவர் கருதினார். அதனை வரையும்வரை தாம் வீட்டுச் சமையலில் ஈடுபட்டதேயில்லை என்று பிற்காலத்தில் அவரே வெளிப்படையாகக் கூறினார். பொருளாதார மந்தம் ஜேர்மனியைத் தாக்கியபோது, 1930 இல் மேயின் குழுவுடன் சோவியத் யூனியனுக்குச் சென்று குழந்தைகளுக்கான நிலையங்களை வரைந்தார். 1939 இல் ஆஸ்திரியக் கம்யூனிஸ்ட் கட்சியிற் சேர்ந்தார். நாஜி ஆட்சியை எதிர்க்கும் தலைமறைவுப் பணிக்காக வியன்னா திரும்பியவர் 1941 சனவரியிற் கைதாகி, பதினைந்து ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். 1945 இல் விடுதலையானார். பின்னர் அவருடைய அரசியற் கொள்கை காரணமாக, பொதுக் கட்டிடப் பணிகள் அவருக்கு அரிதாகவே வழங்கப்பட்டன. 2000 ஆம் ஆண்டு சனவரியில், நூற்றிமூன்று வயது நிறைவதற்குச் சில நாள்களுக்கு முன் காலமானார். இத்தனை வாழ்ந்த ஒருவரை உலகம் ஒரு சமையலறைக்காக மட்டுமே நினைவுகூர்வது அவருக்குச் சலிப்பையே தந்தது.

சோவியத் நாட்டின் அனுபவமும் சிந்தனைக்குரியது. பெண்ணை மழுங்கச் செய்யும் வீட்டு வேலையிலிருந்து அவளை விடுவிப்பதற்குப் பொதுப் போசனசாலைகளும் குழந்தைக் காப்பகங்களும் தேவை என்று லெனின் 1919 இல் எழுதினார். மொஸ்கோவில் 1928 இல் தொடங்கிய நர்கொம்பின் கட்டிடத்தில் பொதுச் சமையலறை அமைந்தது. ஆனால் அம்முயற்சி நிலைக்கவில்லை. 1957 க்குப் பின் குருஷேவ் காலத்தில் எழுந்த இலட்சக்கணக்கான வீடுகளில் மீண்டும் சிறிய தனிச் சமையலறைகளே அமைந்தன. 1959 யூலையில் மொஸ்கோவின் அமெரிக்கக் கண்காட்சியில், மஞ்சள் நிறச் சமையலறை ஒன்றின் முன் நின்று நிக்சனும் குருஷேவும் வாதிட்டனர். முதலாளித்துவமா சோசலிசமா என்ற விவாதம் சலவை இயந்திரத்தின் முன் நடந்தது. அந்த இயந்திரத்தை ஆண் ஏன் இயக்கலாகாது என்று இருவரும் கேட்கவில்லை.

இயந்திரங்கள் வந்தன, வேலை குறைந்ததா? அமெரிக்க வரலாற்றாசிரியை ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983 இல் வெளியிட்ட நூலில் இக்கேள்வியை ஆராய்ந்தார். கருவிகள் முன்னர் ஆணும் பிள்ளைகளும் செய்த வேலைகளை அகற்றின. விறகு வெட்டுதல் போயிற்று. தண்ணீர் சுமத்தல் போயிற்று. பெண்ணின் வேலையோ தூய்மையின் அளவுகோல் உயர்ந்தபடியால் குறையாமலே நின்றது. வாரம் ஒருமுறை துவைத்த துணியை நாள்தோறும் துவைக்கவேண்டியதாயிற்று. மிச்சமான நேரத்தை வேறு வேலைகள் விழுங்கிவிட்டன.

ஆகவே, வீட்டைத் திருத்த முற்படுவோர் இவ்வரலாற்றிலிருந்து இரண்டு பாடங்களைப் பெறலாம். முதலாவது, அழகிய அலுமாரியிலிருந்து திட்டத்தைத் தொடங்குதல் தவறு, வேலையிலிருந்தே தொடங்கவேண்டும். நாள் முழுவதும் நடக்கும் வேலைகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் வேண்டிய பொருளை அவ்வேலையின் அருகே வைத்து, பாரமானவற்றைத் தாழவும் நாளாந்தம் எடுப்பவற்றைக் கைக்கு நேராகவும் அமைத்தபின்னரே தச்சனை அழைத்தல் தகும். சமைப்பவரைக் கேட்காமல் வரையப்படும் எந்தத் திட்டமும் பயன் தராது.

இரண்டாவது பாடம் முதலாவதிலும் பெரிது. ஒரு பெண்ணின் நடையிற் பத்து அடிகளை மிச்சப்படுத்துவது நன்றே. ஆனால் அந்தப் பத்து அடிகளையும் அவள் மட்டுமே நடக்கவேண்டும் என்று விதித்தவர் யார்? பெயர் பொறித்த இலாச்சியில் அரிசி எங்கேயிருக்கிறது என்பது வீட்டிலுள்ள எல்லோருக்கும் தெரியும். தெரிந்தபின் அதனை எடுத்துச் சமைக்கும் கடமையிலிருந்து தந்தையும் மகனும் எக்காரணம் கூறி விலகமுடியும்? ஒழுங்கான அடுக்களையின் உண்மையான பயன், அங்கே எவரும் நுழைந்து வேலை செய்யக்கூடியதாயிருப்பதே. ஆதலால் சமையலறைக்கு அளவெடுப்போர் இருவர் நின்று வேலை செய்வதற்குரிய அகலத்தை முதலில் அளந்து கொள்வாராக.