கேரளா பிளாஸ்டர்ஸ்: நிலைக்காத பயிற்சியாளர்கள், நெருக்கும் நிதிச்சுமை

திருவனந்தபுரம்: கடந்த 2014-ம் ஆண்டு தொடங்கப்பட்ட கேரளா பிளாஸ்டர்ஸ் கால்பந்து அணி, 3 முறை இறுதிப் போட்டிக்கு முன்னேறியும் ஐஎஸ்எல் கோப்பையை வென்றதில்லை.

அதன் பயிற்சியாளர்களில் 3 பருவங்கள் நீடித்தவர் செர்பியாவின் இவான் வுகோமனோவிச் மட்டுமே. 2023 மார்ச் 3-ம் தேதி பெங்களூருவில் நடைபெற்ற ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில், சுனில் சேத்ரி விரைந்து அடித்த ஃப்ரீகிக் கோலாக அறிவிக்கப்பட்டது. இதை எதிர்த்து அவர் வீரர்களுடன் வெளியேறினார். இதற்காக அகில இந்திய கால்பந்து சம்மேளனம் அணிக்கு ரூ.4 கோடி அபராதமும், அவருக்கு 10 ஆட்டங்கள் தடையும் விதித்தது. கோபத்துக்குக் கொடுத்த விலை சற்று அதிகம்தான்.

2024 ஏப்ரலில் அவர் விலகியதைத் தொடர்ந்து ஸ்வீடனின் மிகேல் ஸ்டாரே நியமிக்கப்பட்டார். 12 ஆட்டங்களில் 3 வெற்றி மட்டுமே கிடைத்ததால் டிசம்பரில் நீக்கப்பட்டார். 2025 மார்ச்சில் ஸ்பெயினின் டேவிட் கட்டாலா பொறுப்பேற்றார்.

ஆனால், பயிற்சியாளரை மாற்றித் தீர்க்க முடியாத நெருக்கடி அதன்பின் எழுந்தது. சம்மேளனத்துக்கு ஆண்டுக்கு ரூ.50 கோடி பெற்றுத்தந்த வணிக உரிமை ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிவடையும் நிலையில், புதுப்பிக்கப்படாததால் ஜூலையில் ஐஎஸ்எல் தொடர் நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் பெங்களூரு எஃப்சி, முதன்மை அணி வீரர்கள் மற்றும் பணியாளர்களின் ஊதியத்தை நிறுத்தியது. அடுத்த சில நாட்களில் சென்னையின் எஃப்சி அணியும் செயல்பாடுகளை நிறுத்திவைத்தது.